காலண்டரில் முளைத்த கால்

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ஒரு காய்ச்சல் வந்து என் இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போய்விட்டது. நடக்க வேண்டுமென்றால் இடது கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை ஒரு தூக்குத் தூக்கித்தான் அடுத்த எட்டு வைக்க வேண்டும். அனுமந்தன்பட்டியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றவர்களுக்கு நான் நொண்டி. நானும் சும்மா இருக்கவில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். அதையெல்லாம் இங்கே எழுதினால் இன்றைக்கும் அடிக்க வருவார்கள்.

எங்கள் வயல் கிணற்றில் என்னை இறக்கி நீச்சல் பழக்கியவள் என் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். அந்தக் காலை எங்கே தொட்டால் வலிக்கும், மழைக்காலத்தில் எந்த இடத்தில் குடையும் என்பதெல்லாம் அம்மாவைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் கல்யாணமாகித் தேவாரத்துக்குப் போன அன்று நான் அழுத அழுகையில், பெண்ணோடு இவனையும் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்திருப்பார்கள்.

தண்ணீரில் எனக்குக் காலே வேண்டாம். கையும் தோளும் மூச்சும் போதும். முல்லைப் பெரியாற்றில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து, ஆறு கரை தட்டி ஓடும் ஆடி மாதத்தில் உத்தமபாளையத்துப் பக்கம் நீச்சல் போட்டி வைப்பார்கள். இழுக்கிற தண்ணீரைக் குறுக்காக வெட்டிப்போய், எதிர்க்கரையில் நட்ட மூங்கிலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அதில் நான் ஜெயித்தேன். இரண்டு கால் உள்ளவர்களெல்லாம் எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கரையேறினார்கள். வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் தேனி கடைவீதியில் தைலம் விற்கும் முதலாளி ஒருவர் நின்றிருக்கிறார். சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் தடவுகிற தைலம். மறுவாரமே வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, வருஷப் பொறப்புக்குக் கடைக்காரவுகளுக்கெல்லாம் காலண்டர் குடுப்போம்ல. அதுல இந்த வருஷம் உன் படத்தைப் போடலாம்னு இருக்கேன்."

"காலோடவா, கால் இல்லாமலா?" என்று கேட்டேன்.

"உள்ளது உள்ளபடியேதான் தம்பி. சூம்பின காலை வச்சுக்கிட்டு ஆத்தை ஜெயிச்சான்னு இருந்தாத்தானே பாக்குறவன் நிப்பான்!"

அந்தத் தைலத்தை நான் மோந்துகூடப் பார்த்ததில்லை என்று சொன்னேன். "அதுக்கென்ன, இப்ப மோந்து பாரு" என்று ஒரு புட்டியைக் கையில் கொடுத்தார். ஆள் கெட்டிக்காரர். எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிச்சை கேட்கிற இடத்தில் தவிர வேறெங்கும் என் மாதிரிக் காலை யாரும் நின்று பார்த்ததில்லை. கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு, இந்தக் காலோடு நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதை இந்த ஜனம் வருஷம் முழுக்கப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தேனி ஸ்டுடியோவில் அரை டிராயரோடு, கையைத் தொடையில் ஊன்றி, மறு கையில் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் போட்டோவைப் பார்த்து ஓர் ஓவியர் வண்ணத்தில் வரைவார், அதைத்தான் அச்சுக்குக் கொடுப்போம் என்றார்கள்.

வருஷம் பிறந்து காலண்டர் வந்தது. முடிவெட்டுகிற கடையில்தான் முதலில் பார்த்தேன். மேலே முருகன், கீழே நான், எனக்குக் கீழே தேதித் தாள்கள். முகம் என் முகம், தோள் என் தோள். கால் மட்டும் என்னுடையது இல்லை. இரண்டும் வாழைத்தண்டு மாதிரி உருண்டு திரண்டு, தரையில் அழுந்தப் பதிந்திருந்தன. தொடையில் ஊன்றியிருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்துவிட்டிருந்தார்கள். கடையில் இருந்தவர்கள் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே பஸ் ஏறித் தேனிக்குப் போய்க் கத்தினேன். முதலாளி என்னை உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, ஓவியரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் விபூதி பூசிய சாதுவான மனிதர். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்கிறாதீக தம்பி. மேல சாமி இருக்கு. சனங்க வீட்டு நடுவுல மாட்டுவாக, காலையில அதுலதான் முழிப்பாக. அங்கன மூளியா ஒரு உருவம் நிக்கலாமா? கோயில்ல ஒரு விரல் ஒடிஞ்ச சிலையவே வச்சுக் கும்பிட மாட்டாக, கொண்டுபோய் ஆத்துல போட்டுருவாக. சாமிக்குக் கண்ணு தொறக்குற கையி இது. இந்தக் கையால எப்படித் தம்பி மூளிய எழுதுவேன்?"

"அப்ப என்னையவும் ஆத்துல போட்டுருங்க" என்றேன். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே."

முதலாளி குறுக்கே புகுந்தார். "நான் உள்ளபடியே போடத்தான் சொன்னேன் தம்பி. ஜவுளிக்கடைக்காரவுகளும் பலசரக்குக்காரவுகளும் மாட்டவே மாட்டோம்னுட்டாக. வருஷம் பொறக்கையில ஊனத்துல முழிக்கச் சொல்றியாங்கிறாக. பொய்யின்னு ஒரு வரி எழுதியிருக்கா, காட்டு பாப்போம்?"

எழுதியிருக்கவில்லைதான். தைலத்தின் பெயர், கடையின் பெயர், என் படம், அவ்வளவுதான். தைலம் காலைக் குணமாக்கியது என்று எங்கேயும் ஒரு எழுத்து இல்லை. யாரோ ஏமாற்றினார்கள் என்றால் பிடித்து உலுக்கலாம். இங்கே ஓவியருக்குச் சாமி பயம், கடைக்காரர்களுக்குச் சகுன பயம், முதலாளிக்கு வியாபாரம். யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் படம் தானாகவே பேசத் தொடங்கிவிட்டது. ஆற்றில் ஜெயித்த நொண்டி என்று என்னைக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அந்த நொண்டி இப்போது இரண்டு காலோடு, கையில் தைலப் புட்டியோடு நிற்கிறான். நடுவில் என்ன நடந்திருக்கும்? சனங்களே கதையைப் பூர்த்தி செய்துகொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கொஞ்ச நாளில் அதே படம் டூரிங் டாக்கீஸில் இடைவேளை சிலைடாக வந்தது. கம்பத்திலும் சின்னமனூரிலும் சுவர்களில் ஆள் உயரத்துக்கு நின்றது. சுவரில் எழுதியவர்கள் காலை இன்னும் கொஞ்சம் பருமனாக்கிவிட்டார்கள்.

என் காலை நேரில் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், பார்த்தால் தெளிந்துவிடுவார்கள் என்று. தெளியவில்லை. "தேய்க்கிறதை விட்டுட்டான், அதான் திரும்பவும் சூம்பிப் போச்சு" என்றார்கள். இல்லை, இது பொய், நான் தைலம் தொட்டதே இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினால், "அவன் அப்படித்தான் சொல்லுவான். தனக்குக் கிடைச்சது அடுத்தவனுக்குக் கிடைக்கப் பொறுக்குமா?" என்றார்கள். கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்!

அடுத்த ஆடியில் போட்டிக்குப் போனேன். தண்ணீரில் இறங்கும் முன் கமிட்டிக்காரர் ஒருவர் துண்டோடு வந்து, தைலம் கிய்லம் தேய்த்திருக்கக் கூடாது என்று என் முதுகையும் தோளையும் துடைத்துவிட்டார். என்னை மட்டும்தான் துடைத்தார். ஆத்திரத்தில் நீந்தி அந்த வருஷமும் ஜெயித்தேன். கைதட்டலுக்கு நடுவில், "என்னா தைலம்டா!" என்று யாரோ கத்தினார்கள், கரை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடியாமலும் கிணற்றில் கிடந்து நான் வளர்த்த தோளை ஒரு புட்டிக்குள் அடைத்து மூடியும் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு நான் ஈரத்தோடு படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவள், மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பையன், அவனுக்கு என் கால் மாதிரியே ஒரு கால் தொங்கியது. "ஒன்னு தொட்டோட்டே, மோனே" என்று மலையாளத்தில் ஒரே ஒரு தடவை தொட்டுக்கொள்ளக் கேட்டுக் கெஞ்சினாள். நான் பதில் சொல்வதற்குள் பையனை இறக்கி, அவன் காலை என் காலோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு கால்களும் ஜில்லென்று இருந்தன. இது நல்லதுக்கில்லை, எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

மறு வருஷம் கோடை முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. சுருளிப்பட்டியில் ஒரு பிள்ளைக்கு, பிறகு கம்பத்தில், பிறகு தேவாரத்துப் பக்கம். இரவு ஓடியாடிவிட்டுப் படுத்த பிள்ளை காலையில் எழுந்தால் கால் நிற்கவில்லை என்றார்கள். அந்தக் காய்ச்சல் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி, சொல்லும்போதே தெரிந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரைத் தேடிப்போய்க் கேட்டேன். காய்ச்சல் இருக்கும்போது பிள்ளையை அசைக்காமல் படுக்கையில் போட வேண்டும், காலைத் தேய்க்கவோ உருவவோ கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். ஆனால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கடைகளில் தைலம் தீர்ந்துபோய், தேனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். டீக்கடையில் நின்று டாக்டர் சொன்னதை நான் கத்திச் சொன்னபோது, ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் சுவரில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தேவாரத்திலிருந்து வந்த ஒருவர், "உங்க அக்கா மகளுக்கும் காய்ச்சலாம்ப்பா" என்றார்.

காலண்டர் வந்த பிறகு அக்காவை நான் பார்க்கவே இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ் ஏறி இறங்குவது எனக்குச் சள்ளை, அவளுக்கு மாடு கன்று, சின்னப்பிள்ளை. அதுவரை மற்றவர்கள் நம்பினால் நம்பட்டும் என்று விட்டிருந்தேன், என் அக்கா நம்புவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுகூட, அவளுக்குத் தெரியும், அவள் தேய்க்க மாட்டாள் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் அந்த வாடைதான் முகத்தில் அடித்தது. மூன்று வயதுப் பிள்ளை பாயில் கிடந்தது. மச்சான் சட்டியில் சுடவைத்த தைலத்தைத் தொட்டுத் தொட்டு அதன் வலது காலை அழுத்தி உருவிக்கொண்டிருந்தார். அதற்கு அழக்கூடத் தெம்பில்லை, முனகியது. தலைமாட்டுச் சுவரில், தேதித் தாள் தீர்ந்த பழைய காலண்டரில், நான் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"கையை எடுங்க மச்சான்! தேய்க்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்றாக. தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"நீ பேசாதடா. உனக்குக் காலு வந்துச்சு. நாலூருக்கும் காட்டுன, சினிமாக் கொட்டகையில காட்டுன. கூடப்பொறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டியா? ஊரா மாதிரி நானும் சுவத்துல பாத்துல்லடா தெரிஞ்சுக்கிட்டேன்."

"அக்கா, அது படம்க்கா. எங் காலை இங்கன பாரு." வேட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

பார்த்தாள். குனிந்து, முழங்காலுக்குக் கீழே எனக்கு எப்போதும் வலிக்கிற இடத்தைச் சரியாகத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தாள்.

"தேய்க்கிறத விட்டுட்டியா தம்பி?" என்று கேட்டாள். கோபம் போய், பாவப்பட்டுக் கேட்டாள்.

இனிப் பேசிப் பயனில்லை என்று குனிந்து பிள்ளையை அள்ளினேன். இரண்டு கையாலும் அள்ளினேன், தொடையில் ஊன்றக் கை இல்லை என்பது எட்டு வைத்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளை அடிபடக் கூடாதென்று முதுகைக் கொடுத்து, நெல் மூட்டைகளின் மேல் சரிந்து விழுந்தேன். அக்கா அலறினாள். மச்சான் எழுந்தார். மடங்கிக் கிடந்த என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். சட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வலது கால் திரும்பவில்லை. தேய்த்ததால்தான் போயிற்றா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, சும்மா விட்டிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம் என்றார். அந்த 'கொஞ்சமாவது' என்ற வார்த்தையை நான் அக்காவிடம் சொல்லவில்லை. தேனிக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. என் படத்தை எடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். எடுத்தும் விட்டார், சுவர்களில் சுண்ணாம்பு அடித்தார்கள்.

அடுத்த வருஷப் பிறப்புக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் அதே தைலத்தின் புதுக் காலண்டர். அதில் ஒரு சின்னப் பெண் பட்டுப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு காலிலும் கொலுசு. கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன். அக்காவின் மகள்.

"அந்த ஆளு இங்கனயும் வந்துட்டானா?" என்று கத்தினேன். "அவனை என்ன செய்யிறேன் பாரு!"

"அவரு வரலடா. நான்தான் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தேனிக்குப் போனேன்." அக்கா அடுப்பங்கரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் விடல."

"கிறுக்குப் புடிச்சிருச்சாக்கா உனக்கு?"

"எம் பிள்ளை ரெண்டு காலுல நிக்கிறத வேற எங்கனடா நான் பாக்கப் போறேன்?"

முதலாளியைத் திட்டலாம், ஓவியரைத் திட்டலாம், இவளை என்ன சொல்வது? இந்தப் பொய்யை இவள் தெரிந்தே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

பிள்ளை தரையில் தவழ்ந்து வந்து, என் வேட்டியைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து நின்றது. படத்தில் இருந்த வலது காலின் மேல் விரலை வைத்தது.

"மாமா, இந்தக் காலு எனக்கு எப்ப வரும்?"

"வந்துரும் ஆத்தா, பெரிய பிள்ளையானா வந்துரும்" என்று அக்கா நிலைப்படியிலிருந்தே முந்திக்கொண்டாள். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொடையில் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தது, பிறகு என் முகத்தைப் பார்த்தது.

"வராது ஆத்தா" என்றேன். "எனக்கும் வரல, உனக்கும் வராது. அது படத்துல போட்ட காலு."

"பிள்ளைகிட்டப் போய் என்னடா சொல்ற!" என்று அக்கா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு வருஷமாக ஆற்றங்கரையிலும் டீக்கடையிலும் இந்த உண்மையைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கில் ஒரு ஆள் நம்பியதில்லை. அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. விரலைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அப்படியே என் காலடியில் உட்கார்ந்து, வீடே அதிர அழுதது.